முன்வரிசையில் யார்?



ஊர்வலம் ஒன்று வருகிறது. தாரை தப்பட்டை முழங்குகிறது. கொடிகள் காற்றிலே ஆடுகின்றன. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்க்கிறாள், பார்வை எட்டவில்லை, பக்கத்திலிருக்கும் பேரனைக் கேட்கிறாள். என்ன கேட்கிறாள்? "எத்தனை பேர் வருகிறார்கள்?" என்றா? இல்லை. "எதற்காக வருகிறார்கள்?" என்றா? அதுவும் இல்லை. "முன்னாலே வர்றது யாருடா?" என்றுதான் கேட்கிறாள்.

கிழவி படிக்காதவள்தான். ஆனால் படித்தவர்கள் கேட்க மறந்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்! ஒரு சமுதாயம் யாரை மதிக்கிறது, யாரை மிதிக்கிறது என்பதை ஏட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது நடத்தும் ஊர்வலத்தின் முன்வரிசையைப் பார்த்தாலே போதும்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று நானும் கேட்க வந்திருக்கிறேன். நம் ஊரைக் கேட்பதற்கு முன்னால், கடல் கடந்து சென்று ஓர் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

அயர்லாந்து நமக்குப் புதிய பெயரல்ல. டி வேலராவின் பெயரை எடுத்துச் சொல்லாத மேடை ஒரு காலத்தில் தமிழகத்தில் உண்டா? அந்த நாட்டு வழிவந்த மக்கள் அமெரிக்காவிலே, நியூயார்க் நகரிலே, ஆண்டுதோறும் மார்ச் 17ஆம் நாள், புனித பாட்ரிக் பெயரால் அணிவகுத்து நடக்கிறார்கள். இன்று நேற்றல்ல, 1762 முதல்! அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்தது 1776இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்ட ஊர்வலம் அது.

யார் அந்த மக்கள்? செல்வத்தில் புரண்ட சீமான்களா? 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரிலே நோய் விழுந்தது. ஏழை உழவனுக்கு அதுதான் காலையுணவு, அதுதான் இரவுணவு. பயிர் அழுகியது, பானை காய்ந்தது. அப்போதும் அந்த மண்ணில் விளைந்த தானியமும், வளர்ந்த கால்நடையும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன! ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டே கிளம்பினார்கள், நம்மவர் ரப்பர்த் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கப்பலேறியதைப் போல.

போன இடத்திலே பூமாலையா காத்திருந்தது? "வேலைக்கு ஆள் தேவை, அயர்லாந்துக்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று பத்திரிகையிலே விளம்பரம்! கால்வாய் வெட்டக் கூப்பிட்டார்கள். இருப்புப்பாதை போடக் கூப்பிட்டார்கள். கூடத்திலே உட்காரக் கூப்பிடவில்லை. அந்த மக்கள்தான், "எங்களுக்கும் முகம் உண்டு, எங்களுக்கும் முகவரி உண்டு" என்று நடுவீதியிலே நடந்து காட்டினார்கள்.

அந்த ஊர்வலத்துக்கு ஆண்டுதோறும் ஒருவரைத் தலைமை ஏற்க வைக்கிறார்கள். கிராண்ட் மார்ஷல் என்று பெயர். தோளிலே பட்டை அணிவித்து, "முன்னால் நடங்கள்" என்கிறார்கள். நடங்கள் என்கிறார்கள், கவனித்தீர்களா? நியூயார்க் ஊர்வலத்திலே மோட்டார்க் காருக்கு இடமில்லை. அலங்கார வண்டிக்கும் இடமில்லை. தலைவரானாலும் சொந்தக் காலில்தான் நடக்க வேண்டும்.

யாரை நடக்க வைத்தார்கள்? 1999இல் மரீன் ஓ'ஹாரா என்ற நடிகையை. 2016இல் ஜார்ஜ் மிட்செலை. வட அயர்லாந்திலே இரத்தம் சிந்துவதை நிறுத்த 1998இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்காகப் பாடுபட்டவர் அவர். 2022இல் ஜேம்ஸ் கால்லகன் நடந்தார். யார் அவர்? கட்டுமான எந்திரங்களை இயக்கும் தொழிலாளர்களின் சங்கத் தலைவர்! ஒரு நாள் மண்வெட்டியோடு நின்ற கூட்டம், தொழிற்சங்கத் தலைவரை முன்னே நிறுத்தி, மாநகரத்தின் மாட வீதியிலே நடந்தது. சிற்றூர்களிலே நடக்கும் இத்தகைய ஊர்வலங்களில் தீயணைப்புத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் இந்தச் சிறப்பைப் பெறுகிறார்கள்.

"ஆகா, அவர்களல்லவா மனிதர்கள்!" என்று அவசரப்பட்டு வியந்துவிடாதீர்கள். 1762இல் தொடங்கிய ஊர்வலத்துக்கு ஒரு பெண் தலைமை ஏற்றது எப்போது தெரியுமா? 1989இல்! டொரத்தி ஹெய்டன் கடஹி என்ற வானொலி அறிவிப்பாளர்தான் அந்த முதல் பெண். 227 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தங்களுக்குள்ளேயே, தன்பாலின விருப்பம் கொண்டோர் தங்கள் பெயரெழுதிய பதாகையைத் தூக்கி நடக்க 2015 வரையிலே வழிவிடவில்லை. மருமகளாய் இருந்து பட்ட பாட்டை மாமியார் ஆனதும் மறப்பது அக்கரையிலும் உண்டு.

சரி, அக்கரையை விட்டுக் கெடிலக்கரைக்கு வருவோம்.

நம் மண்ணில் ஊர்வலத்துக்கா பஞ்சம்? சிதம்பரத்திலே மார்கழியில் தேர், ஆனியில் தேர். வடம் பிடித்து இழுப்பவன் உழைப்பாளி. ஊருக்கு ஊர் திருவிழாவிலே பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் மரியாதை வாங்குகிறவர் யார்? இழுத்துக் களைத்தவரா? இல்லை, பிறந்த குலம் வாங்கித் தந்த மரியாதை அது, பரம்பரைப் பட்டயம் அது!

"முன்னால் நடப்பதுதான் பெருமை என்றால், பறையடிப்பவர் முன்னால்தானே போனார்?" என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்பார்கள். போனார், மறுக்கவில்லை. சாவு ஊர்வலத்திலே எல்லோருக்கும் முன்னால் அவர்தான் போனார். ஆனால் ஊர்வலம் முடிந்ததும் ஊருக்குள் அவருக்கு இடம் எங்கே? அவரை முன்னே அனுப்பியது மரியாதைக்காகவா? கட்டாயத்துக்காக! முன்னால் நடத்துவது வேறு. முதல்வராய் மதிப்பது வேறு.

இந்த வேற்றுமையை வெட்டவெளிச்சமாக்கியவர் இதே மாவட்டத்தில்தான் பிறந்தார். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். பள்ளிக்கூடத்திலே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த சிறுவன்! வளர்ந்த பிறகு, பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துச் சிதம்பரம் வட்டாரத்திலே மக்களைத் திரட்டினார். 1952இல் நாடாளுமன்றம் சென்றார். தீண்டாமைக் கொடுமையை ஆராய்ந்து அவர் தலைமையிலான குழு 1969இல் தந்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே கலைஞர் அரசு அதற்கான சட்டத்தைக் கொண்டு வந்தது. இளையபெருமாள் காங்கிரசுக்காரர். இருந்தால் என்ன? உண்மை எந்தச் சட்டை போட்டு வந்தாலும் உண்மைதான்.

அவருக்கு முன்னே சுவாமி சகசானந்தர். நந்தனின் கதையைச் சொல்லிக் கண்ணீர் விட்டவர்கள் ஏராளம். நந்தன் பெயரால் 1916இல் சிதம்பரத்திலே பள்ளிக்கூடம் திறந்து, ஏழைப் பிள்ளைகளின் கையிலே பலகையைக் கொடுத்தவர் அவர். அந்தப் பிள்ளைகள் வரிசையாகப் பள்ளிக்கு நடந்தார்களே, அதைவிடப் பெரிய ஊர்வலம் எது?

பெண்களை முன்னால் விட 227 ஆண்டு யோசித்தார்கள் என்றேனே, நம் கடலூர் அஞ்சலை அம்மாளை நினைத்துப் பாருங்கள். 1927இல், சென்னையிலே நின்ற நீலன் சிலையை அகற்றக் கிளர்ச்சி. 1857 எழுச்சியிலே இந்தியரைக் கொன்று குவித்த வெள்ளைத் தளபதிக்குச் சிலையா என்று சீறிக் கிளம்பினார் அந்த அம்மையார். தனியாகவா போனார்? சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போனார். இருவரும் சிறை சென்றார்கள். பிறகொரு முறை கருவுற்ற நிலையிலே வேலூர்ச் சிறை. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பெற்ற பிள்ளையோடு திரும்பவும் சிறைக்குப் போனார்! காந்தியார் கடலூருக்கு வந்தபோது அவரைச் சந்திக்கத் தடை. பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ச் சந்தித்தார். அவரும் நம் முகாம் அல்ல. ஆனாலும் கடலூரில் ஊர்வலம் நடத்துகிற எவனும் அந்த அம்மையாரின் காலடி மண்ணில்தான் நடக்கிறான்.

1944இல் இதே கடலூரிலே தந்தை பெரியார் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தார். இருட்டிலிருந்து செருப்பு ஒன்று பறந்து வந்து விழுந்தது. வண்டி சிறிது தூரம் போனதும் அய்யா சொன்னார், வண்டியைத் திருப்பு என்று! ஒற்றைச் செருப்பு எறிந்தவனுக்கும் பயன்படாது, கிடைத்தவருக்கும் பயன்படாது. இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பினார். 1972இல் அந்த இடத்திலே அவர் சிலையைக் கலைஞர் திறந்து வைத்தார். நூறு மேடைகளில் சொல்லியிருக்கிறோம் இதை. ஆனால், தோழர்களே, அந்த ரிக்‌ஷாவை இழுத்த தொழிலாளியைப் பற்றி ஒரு மேடையிலாவது சொன்னோமா? செருப்பு வந்த திசைக்கே வண்டியைத் திருப்பச் சொன்னது தலைவரின் துணிவு. சொன்னதும் திருப்பினாரே, அது தொழிலாளியின் துணிவு! அன்றைய பயணத்திலே அய்யாவுக்கும் முன்னால் போனவர் அவரல்லவா?

1965 சனவரி 27. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலமாகக் கிளம்பினார்கள். துப்பாக்கி வெடித்தது. சிவகங்கை இராசேந்திரன் சாய்ந்தான். அவன் யார் வீட்டுப் பிள்ளை? ஒரு போலீஸ்காரரின் பிள்ளை! சிதம்பரத்திலே இன்று அவன் சிலையாக நிற்கிறான். அவனுக்கு யாரும் பட்டை அணிவித்து முன்னால் நிறுத்தவில்லை. குண்டுதான் அவனை முன்வரிசைக்குக் கொண்டு வந்தது.

2022 குடியரசு நாளிலே வ.உ.சி.யும் வேலுநாச்சியாரும் பாரதியாரும் இடம்பெறவிருந்த நம் மாநிலத்து ஊர்தி தில்லி அணிவகுப்புக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. கொதித்தோம். கொதித்தது நியாயம். அந்த ஊர்தி சென்னையிலே ஓடியது. ஊர் ஊராகவும் சென்றது. மக்கள் திரண்டு பார்த்தார்கள். நம்மவரை அணியிலிருந்து அகற்ற இவர்கள் யார் என்று தில்லியைக் கேட்டோம்.

அதே கேள்வியை நான் என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நாளும் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனவரி 25. மொழிப்போர் ஈகியருக்கு வீரவணக்க ஊர்வலம். திருப்பாதிரிப்புலியூரிலே புறப்பட்டு, கெடிலம் பாலத்தைக் கடந்து, மஞ்சக்குப்பம் மைதானம் சேர வேண்டும். கையிலே தொண்டர் பட்டை கட்டிக்கொண்டு வரிசையை ஒழுங்கு செய்யும் வேலை எனக்கு. முன்வரிசையிலே கொடியைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றார். முதுநகர்த் துறைமுகத்திலே மூட்டை தூக்கித் தேய்ந்த தோள். 1965இல் பதினாறு வயதுப் பையனாக ஊர்வலத்தில் நடந்தவர். அன்றிலிருந்து ஓர் ஆண்டும் தவறாதவர். இரவிலே பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டியவர்.

அந்த நேரம் பார்த்துப் பெரும்புள்ளி ஒருவர் வந்து இறங்கினார். பந்தல் செலவு அவருடையது. பதாகைச் செலவும் அவருடையது. சரிகைத் துண்டு; சுற்றிலும் படமெடுக்க நாலு பேர். இடம் வேண்டுமே! நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரியவரின் தோளைத் தொட்டு, "அய்யா, கொஞ்சம் பின்னாலே போங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பகுத்தறிவு பேசும் இந்த வாய்தான் சொன்னது.

பெரியவர் கோபிக்கவில்லை. கொடியை என் கையிலே கொடுத்தார். "போறேன் தம்பி. அவரு எப்போ நம்ம ஊர்வலத்துக்கு வந்தாரு?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, பின்வரிசையை நோக்கி நடந்தார்.

பெரும்புள்ளி பாலம் வரை நடந்தார். பாலத்தருகே அவர் கார் காத்திருந்தது, ஏறினார், போனார். படம் எடுத்தாகிவிட்டதே! மைதானத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையிலே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முழு தூரமும் நடந்து வந்து சேர்ந்தார் பெரியவர்.

பரிவட்டத்தைப் பழித்தேனே, நான் கட்டிவிட்டது என்ன? அதுவும் ஒரு பரிவட்டம்தான்! முன்பு குலம் பார்த்துக் கட்டினார்கள். நான் பணம் பார்த்துக் கட்டினேன். துணிதான் வேறு; முடிச்சு ஒன்றுதான்.

ஆகவே, தோழர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த சனவரி 25 வரும். அடுத்த மே நாள் வரும். இந்த நாட்டிலே முதல் மே நாளை 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் யாருக்காகக் கொடி ஏற்றினார்? உழைப்பவனுக்காக! அந்த நாள்களிலாவது, ஒவ்வொரு ஊரிலும் ஒருவரைக் கூடிப் பேசித் தேர்ந்தெடுங்கள். சாக்கடையில் இறங்கித் தெருவைச் சுத்தம் செய்யும் தோழராக இருக்கட்டும். நெய்வேலிச் சுரங்கத்திலே கரி படிந்த கையாக இருக்கட்டும். பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைத்த தாயாக இருக்கட்டும். பறையடிக்கும் கலைஞராக இருக்கட்டும். மதுரை வேலு ஆசானின் பறைக்கு 2025இல் பத்மசிறீ வந்ததே, நம் தெருவின் ஆசானுக்கு நாம் ஒரு துண்டாவது போர்த்தக் கூடாதா? அவர்கள் முன்னே நடக்கட்டும். மாவட்டமும் வட்டமும் பின்னே நடக்கட்டும்!

"பணம் கொடுத்தவர் கோபித்துக்கொள்வாரே?" என்பீர்கள். காசு கொடுத்தவருக்கு ரசீது கொடுங்கள், நன்றியும் சொல்லுங்கள். கால் கொடுத்தவருக்கு முன்வரிசை கொடுங்கள்!

அப்போது திண்ணைக் கிழவி மறுபடியும் கண்ணுக்கு மேலே கையை வைத்துக் கேட்பாள்: "முன்னாலே வர்றது யாருடா?"

பேரன் துள்ளிக் குதித்துச் சொல்லட்டும்:

"நம்ம தெருத் தாத்தா, ஆயா!"