வெயிலில் மயங்கியவருக்கு கல்லீரல் கெடுவது ஏன்? போடி தோட்டத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

போடிநாயக்கனூரில் இருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்டங்களுக்கு ஆட்கள் கிளம்புகிறார்கள். போடிமெட்டு ஏறினாலே குளிர்காற்று. 'மலையில என்னங்க வெயில்?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2024 கோடையில் இடுக்கி மலையில் வெப்பமும் வறட்சியும் தாங்காமல் ஏலச்செடிகளே கருகின.

கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என கேரள தொழிலாளர் துறை உத்தரவிடுவது வழக்கம். 3,000 அடிக்கு மேல் உள்ள, வெயில் தாக்காத இடங்களுக்கு மட்டும் விலக்கு. ஏலமலையின் பெரும்பகுதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நிழல் மரம் குறைந்த தோட்டத்துக்கும் அந்த விலக்கு பொருந்துமா என்ன?

வெப்ப பக்கவாதம் என்பது வெறும் மயக்கம் அல்ல. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, வலிப்பும் வரலாம். சுமை தூக்கி உழைப்பவருக்கு உடம்பு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இது வரும்.

கல்லீரலுக்கு என்ன ஆகிறது?

சூட்டை வெளியேற்ற, உடல் ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் குடலுக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் குறைகிறது. குடல் சுவர் பலவீனமாகி, பாக்டீரியா நச்சுகள் கசிந்து நேராக கல்லீரலுக்கே போகின்றன. போதாக்குறைக்கு, சூடும் கல்லீரல் செல்களை நேரடியாகவே சிதைக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இது உடனே தெரியாது. முதல் நாள் ரத்தப் பரிசோதனை ஓரளவு நார்மலாகவே வரலாம். கல்லீரல் என்சைம்கள் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான். 'தெளிஞ்சிட்டாரே' என்று வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு கண் மஞ்சளாகும், ஈறில் ரத்தம் கசியும். அப்போது மஞ்சள்காமாலை என்று நினைத்து கீழாநெல்லி தேடி நாளைக் கடத்துவது ஆபத்து. சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோருக்கு கல்லீரல் தேறிவிடும். சிலருக்கு மட்டும் முழுவதுமாகச் செயலிழக்கும்.

பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கூடாது. இது கிருமியால் வரும் காய்ச்சல் இல்லை என்பதால் மாத்திரை சூட்டைக் குறைக்காது. அடிபட்ட கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்குவதுதான் முக்கியம். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் 'வெயிலில் வேலை செய்யும்போது விழுந்தார்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பினாலும், மூன்றாம் நாள் கல்லீரல் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.