கேடயம் தாங்கிய பூச்சிகள்

மழைக்காலத்தை அடுத்து, வேலியோரம் வளர்ந்திருக்கும் காட்டாமணக்குச் செடியை உற்று நோக்குவோமாயின், அதன் இலைகளிலும் காய்களிலும் சிறு பூச்சிகள் கூட்டமாக அமர்ந்திருத்தலைக் காணலாம். பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும் அவற்றின் முதுகில் கரும்புள்ளிகள் விளங்கும். சிறுவர் இவற்றைப் பொன்வண்டு என்றே எண்ணுவர். ஆனால், இவை வண்டினத்தைச் சார்ந்தவை அல்ல. நெற்கதிரின் பாலை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிக்கும் வீட்டு மூட்டைப்பூச்சிக்கும் உறவுடையவை. அறிவியலார் இவற்றுட் சிலவற்றிற்கு இட்ட 'கிரைசோகோரிஸ்' என்னும் பெயர், கிரேக்க மொழியில் 'பொன் மூட்டைப்பூச்சி' எனப் பொருள்படும்.

இவ்வுறவை எவ்வாறு அறிவது? முதலில் முதுகை நோக்குக. வண்டின் முதுகில் தடித்த முன்சிறகுகள் இரண்டு பொருந்தியிருக்கும். அவை கூடுமிடத்தில் நேர்கோடு ஒன்று பின்முனைவரை செல்லும். கேடயப் பூச்சிக்கு அக்கோடு இல்லை. மார்பிலிருந்து வளர்ந்த ஒரே தகடு, சிறகுகளையும் வயிற்றையும் கேடயம்போல் மூடி நிற்கும்.

அடுத்து வாயை நோக்குக. வண்டு தாடைகளால் கடித்து மெல்லும். கேடயப் பூச்சிக்கோ சாற்றை உறிஞ்சும் ஊசி போன்ற அலகு உண்டு. உண்ணாத வேளையில் அதனைக் கால்களுக்கிடையே மடித்து வைத்துக்கொள்ளும்.

நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. முட்டையினின்று வெளிவரும் இளம்பூச்சி, 5 முறை தோலுரித்த பின்னரே முழுச்சிறகும் முழுக்கேடயமும் பெறும். அதுவரை அதன் நிறமும் கோலமும் தாய்ப்பூச்சியினின்று வேறுபட்டிருக்கும். வளர்ந்த பூச்சியின் ஒளியும் வெறுஞ் சாயத்தால் ஆயதன்று. மேல்தோலின் நுண்ணிய அடுக்குகளில் வெயில் பட்டு மீளுவதால் தோன்றுவது. பூச்சி இறந்து உலர்ந்தால், சில வகைகளின் நிறம் மாறிவிடும். ஆதலின், உயிரோடிருக்கும்போதே அதன் நிறத்தையும், அது வாழும் செடியின் பெயரையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. கையிற் பிடித்தால் அது தீநாற்றமுள்ள நீரைக் கசியவிடும். பறவை முதலிய பகைகளினின்று தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது.

இவ்வாறு இனம் பிரித்தறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. இவற்றின் உறவினமாகிய முக்கோணக் கேடயப் பூச்சிகளுட் பல, மெல்லிய அலகால் பயிர்ச்சாற்றை உறிஞ்சிக் கேடு செய்யும். ஆயினும், தடித்த அலகுடைய சில, இலைதின்னும் புழுக்களைக் குத்தி உறிஞ்சிப் பயிரைக் காக்கும். இரண்டும் மேலோட்டமாய்ப் பார்ப்பார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு அறியாது எல்லாவற்றையும் நசுக்கும் உழவர், தம் வயலின் காவலரையும் சேர்த்தே அழித்தவராவர். கொல்லுமுன் காணுதலும், காணுமிடத்து நுணுகிக் காணுதலும் அறிவுடையார் செயலாகும்.