நெடுந்தீவு எத்தனை கிலோமீட்டர்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியிலிருந்து நேர்கோடு போட்டால் பருத்தித்துறையும் நயினாதீவும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். பருத்தித்துறைப் பிள்ளை பின்னேர வகுப்பு முடித்து பஸ் ஏறினால் இராச்சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கும். நயினாதீவுப் பிள்ளை பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் தாண்டிக் குறிகட்டுவானில் இறங்கும்போது கடைசிப் படகு நிற்கவேண்டும். போய்விட்டால் அன்றிரவு யார் வீட்டிலாவது ஒதுங்கவேண்டியதுதான்.

விடுதி இடம் பங்கிடும்போது இந்த வித்தியாசம் கணக்கில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

1974இல் பழைய பரமேசுவராக் கல்லூரி வளவில் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இன்று நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாருக்கும் கட்டில் காணாது. எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகச் செய்வது இது: முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் முன்னுரிமை, மிச்சத்தை வீட்டுத் தூரமும் குடும்ப வருமானமும் பார்த்துக் கொடுப்பது. அம்பாந்தோட்டைப் பிள்ளைக்கு முதலில் இடம் கிடைப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. முகவரியில் ‘யாழ்ப்பாண மாவட்டம்’ என்று இருக்கிற தீவுப் பிள்ளையை, வீட்டிலிருந்தே வரலாம்தானே என்று எண்ணிப் பட்டியலின் அடியில் போடுவதுதான் பிழை.

பல்கலைக்கழக அனுமதியிலும் மாவட்டம்தான் அளவுகோல். 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் யாழ்ப்பாணமும் உண்டு. ஆனால் நல்லூரில் வீதிக்கு வீதி ரியூசன் உள்ள பிள்ளையும் நெடுந்தீவுப் பிள்ளையும் அங்கே ஒரே பட்டியல். அதை மாற்றக் கொழும்பு வரை போகவேண்டும். விடுதி விஷயம் அவ்வளவு பெரிய மலை அல்ல.

அதற்காகத் தீவகம் முழுவதற்கும் சலுகை கேட்பதும் சரியில்லை. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் தாம்போதியால் இணைந்தவை, பஸ் ஓடுகிறது. அலைச்சல்தான், ஆனாலும் போய்வரலாம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு ஏறவேண்டும். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் கடல். குமுதினி, வடதாரகை, 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை என்று படகுகளின் பெயர் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எது பழுதாகி நிற்கிறது என்பதும் தெரியும். சோளகம் உரத்தாலோ மாரியில் கடல் எழும்பினாலோ எல்லாம் கட்டித்தான் கிடக்கும்.

ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காமல், விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: பின்னேரம் ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தால் அன்றிரவே வீடு போய்ச் சேர முடியுமா? முடியாதவர்களுக்குப் படிப்பு முடியும்வரை இடம். நடு வருடங்களில் வெளியே போ என்று சொல்ல, கடல் இரண்டாம் வருடத்தில் சுருங்கிவிடுவதில்லை. பஸ் தீவுப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலத்தில் மட்டும் தங்கச் சில கட்டில்களை ஒதுக்கினாலே பெரிய உதவி.

வெளியே அறை எடுக்கலாமே என்பார்கள். மகாபொல கொடுப்பனவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்குவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். அதில் சாப்பாடு, போட்டோக்கொப்பி, பஸ் காசு போக வாடகைக்கு என்ன மிஞ்சும்? வீட்டுக்காரர் முற்பணமும் கேட்பார், லைற் பில்லும் கேட்பார். தெரியாத வீட்டில் பெண்பிள்ளையைத் தனிய விடத் தாய் தகப்பன் பயப்படுவது வேறு.

கடைசியாகக் கடதாசி வேலை. விண்ணப்பத்தோடு கிராம அலுவலர் சான்றிதழ் வைத்து, அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் கேட்டால், நெடுந்தீவில் செயலகம் ஊரிலேயே உண்டு. நயினாதீவு வேலணைப் பிரதேச செயலகத்துக்குக் கீழே வருவதால், ஒரு கையெழுத்துக்குப் படகும் பஸ்ஸும் பிடிக்கவேண்டும். விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கிராம அலுவலரிடம் போகும்போதே, எங்கிருந்து எத்தனை மணிக்குக் கடைசிப் படகு என்பதையும் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள்: படகு ஓடாத கிழமையில் முடிவுத் திகதி வந்தால், படிவத்தின் படத்தை மின்னஞ்சலில் ஏற்றுக்கொண்டு மூலப்பிரதியைப் பிறகு வாங்கலாம்.