கல்யாண மாலையைக் காலத்துக்கும் வைத்திருக்க முடியுமா? – தண்ணீர், நிறம், கொஞ்சம் கணக்கு

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி வரும். மாலையை என்ன செய்வது? குப்பையில் போட மனசு வராது. ஆணியில் மாட்டி வைத்தால் ஒரு வாரத்தில் கருத்து, உள்பக்கம் பூஞ்சை பிடித்து, எறும்பு வரிசை கட்டும். கடைசியில் யாராவது ஒரு பெரியவர், "கால் படாத இடத்துல போடுங்கப்பா" என்பார். தென்னை மரத்தடிக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும்.

இப்போது இன்னொரு வழி பரவியிருக்கிறது. மாலைப் பூவை எடுத்து ரெசினில் பதித்து போட்டோ ஃபிரேம், கடிகாரம், கீ செயின் என்று செய்து தருகிறார்கள். "காலத்துக்கும் அப்படியே இருக்கும்" என்கிறது விளம்பரம். அப்படி இருக்குமா என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்தது, சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு வீட்டில் செய்து பார்த்தது, இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் எதிரி தண்ணீர்

பூவின் எடையில் சுமார் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர்தான். பறித்த பிறகும் பூ உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவு செய்கிறது. அது தீர்ந்து செல் சுவர்கள் தளர்ந்ததும் உள்ளே இருக்கும் ஈரமும் சத்தும் பூஞ்சைக்கு விருந்தாகிவிடும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னை மாதிரி கடலோர ஊரில் இது ரொம்ப சாதாரணம். மாலையை ஆணியில் மாட்டிக் காய வைப்பது ராஜஸ்தானில் வேலை செய்யலாம், திருவான்மியூரில் கஷ்டம்.

ஆக, பூவைப் பாதுகாப்பது என்றால் பூஞ்சை வருவதற்குள், உருவம் குலையாமல், தண்ணீரை வெளியேற்றுவது. எல்லா முறைக்கும் அடிப்படை இதுதான். வித்தியாசமெல்லாம் வேகத்தில்தான்.

இதைச் சரியாகச் செய்தால் எவ்வளவு காலம் தாங்கும்? 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த டுட்டன்காமன் கல்லறையில், மன்னனின் வெளிச் சவப்பெட்டி நெற்றியில் ஒரு சின்னப் பூவளையம் இருந்தது. ஆலிவ் இலைகளும் நீலப் பூக்களும் சேர்த்துக் கட்டியது. 3,300 வருடம் கழித்தும் அதில் கொஞ்சம் நிறம் மிச்சமிருந்ததாக கார்ட்டரே எழுதியிருக்கிறார். யாரும் அதற்கு மருந்து போடவில்லை. ஈரமில்லை, வெளிச்சமில்லை, யாரும் தொடவில்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது எதிரி நிறமாற்றம்

தண்ணீரை எடுத்துவிட்டாலும் நிறம் தங்குமா என்பது பூவைப் பொறுத்தது.

சிவப்பு, ரோஸ், ஊதா நிற ரோஜாக்களில் இருப்பது ஆந்தோசயனின். செல்லுக்குள் தண்ணீரில் கரைந்திருக்கும் நிறமி. தண்ணீர் வற்றும்போது அது அடர்த்தியாகும், அமிலத்தன்மை மாறினால் சாயலும் மாறும். அதனால்தான் அடர் சிவப்பு ரோஜா காய்ந்ததும் கிட்டத்தட்டக் கறுப்பாகிறது, வெளிர் ரோஸ் தப்பிக்கிறது. வெளிச்சம் பட்டால் இரண்டும் வெளுக்கும்.

செவ்வந்தி, துலுக்கச் சாமந்தியின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு வகை. இது தண்ணீரில் கரையாது. காய்வதை நன்றாகவே தாங்கும்.

வாடாமல்லியின் கதையே வேறு. அதில் நாம் பூ என்று நினைக்கும் ஊதாப் பகுதி உண்மையில் இதழ் இல்லை, பூவைச் சுற்றியிருக்கும் காகிதம் போன்ற செதில் இலைகள். செடியில் இருக்கும்போதே அதில் ஈரம் குறைவு. காய்ந்த பிறகும் நிறம் நிற்கும். பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைப் பூதான் ரொம்பச் சிக்கல். மல்லிகை, சம்பங்கி இதழ்களில் ஃபீனால் வகைப் பொருட்கள் ஒரு அறையிலும், அவற்றைப் பழுப்பாக்கும் நொதி இன்னொரு அறையிலும் இருக்கும். செல் உடைந்தால் இரண்டும் கலந்து, காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பழுப்பாகும். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்குமே, அதே வேலைதான். சிவப்புப் பூவில் இந்தப் பழுப்பு மறைந்துவிடும். வெள்ளையில் மறைய இடமே இல்லை.

என்னென்ன முறைகள்

*அழுத்தி உலர்த்துவது.* பழைய நியூஸ் பேப்பருக்கு நடுவில் பூவை வைத்து, மேலே கனமான புத்தகங்கள். முதல் நாலைந்து நாள் தினமும் பேப்பரை மாற்ற வேண்டும், இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். தாவரவியலாளர்கள் ஹெர்பேரியத்துக்குச் செய்வதும் இதுவே. 1778இல் இறந்த லின்னேயஸ் சேர்த்த செடிகள் இன்றும் லண்டன் லின்னேயன் சொசைட்டியில் இருக்கின்றன. கவிஞர் எமிலி டிக்கின்சன் சின்ன வயதில் 424 மாதிரிகளை ஒட்டி வைத்த ஆல்பம் ஹார்வர்டில் இருக்கிறது. நம்ம கோயம்புத்தூரிலேயே மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. செலவே இல்லாத முறை, ரொம்ப காலம் நின்று நிரூபித்ததும் இதுதான். ஆனால் பூ தட்டையாகிவிடும். தனி இதழ்களுக்கும் சின்னப் பூக்களுக்கும் பொருத்தம்.

*மணல்.* நைஸான ஆற்று மணலைக் கழுவிக் காய வைத்து, அதில் பூவைப் புதைத்து வைப்பது. மணல் ஈரத்தை உறிஞ்சாது. உருவத்தைத் தாங்கிப் பிடிக்கும், ஈரம் மணல் இடுக்கு வழியாகக் காற்றுக்குப் போகும். அதனால் டப்பாவை மூடக்கூடாது. இரண்டு, மூன்று வாரம் ஆகும்.

*சிலிக்கா ஜெல்.* ஷூ டப்பாவில் வரும் அதே பொருள்தான். இது உண்மையிலேயே ஈரத்தை இழுக்கும், அதனால் டப்பாவைக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். உருண்டைகள் இதழில் தழும்பு போடும், பொடி ரவை மாதிரி இருப்பதை வாங்குங்க. அடியில் ஒரு இஞ்ச், அதன்மேல் பூ, இதழ்களுக்கு இடையில் ஸ்பூனால் மெதுவாக நிரப்பி மூடினால் 3 முதல் 7 நாளில் காய்ந்துவிடும். ஈரமானதும் நீலத்திலிருந்து ரோஸாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நச்சு. அதை வீட்டு உபயோகத்துக்குத் தவிர்ப்பது நல்லது. ஆரஞ்சு–பச்சை வகை கிடைக்கிறது. சுமார் 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் மறுபடி பயன்படுத்தலாம். அதற்கும் சமைக்கிற அவன் வேண்டாம்.

இங்கேதான் கணக்கு. ஒரு மாலை 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 85 சதவீதம் தண்ணீர் என்றால் 1.7 கிலோ. சிலிக்கா ஜெல் அதிகபட்சம் தன் எடையில் 40 சதவீதம் வரை உறிஞ்சும் என்று போட்டிருப்பார்கள். ஆனால் நிரம்ப நிரம்ப வேகம் குறையும், அதனால் 20 சதவீதம்தான் என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அப்படியென்றால் ஒரு மாலைக்கு 8.5 கிலோ ஜெல், ஜோடிக்கு 17 கிலோ! முழு மாலையையும் வீட்டில் பாதுகாக்கலாம் என்ற ஆசையை இந்த இடத்தில் விட்டுவிடலாம். ஒரு சாண் துண்டு, பத்துப் பூ. அது போதும்.

*ஃப்ரீஸ் டிரையிங்.* பூவை உறைய வைத்து, வெற்றிடத்தில் வைத்து, பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்குவது. தண்ணீரின் மும்மைப் புள்ளி 0.01 டிகிரி, 611 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குக் கீழே போனால் பனி திரவமாகாமல் நேராக ஆவியாகும். திரவம் இல்லாததால் இதழ் சுருங்காது. உருவம் காப்பதில் இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் மெஷின் விலை அதிகம், ஒரு சுற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். அப்படிக் காய்ந்த பூ ஈரக்காற்றை மறுபடி இழுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

*ரெசின்.* இது காய வைக்கும் முறையே அல்ல, காய்ந்ததை மூடி வைக்கும் முறை. துளி ஈரம் இருந்தாலும் பூ உள்ளேயே பழுப்பாகும், குமிழி வரும். எபாக்சி ரெசின் இறுகும்போது சூடாகும், அதனால் மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். நல்ல ரெசினில் இது மெதுவாக நடக்கும், ஆனாலும் நடக்கும். எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு: ரெசினில் 'அன்டூ' கிடையாது. மியூசியங்களில் பின்னால் திருப்ப முடியாத எதையும் செய்யத் தயங்குவார்கள். உங்களிடம் இருக்கும் பூ எல்லாவற்றையும் ரெசினுக்குக் கொடுக்காதீங்க, பாதியாவது வெளியே இருக்கட்டும்.

மல்லிகைச் சரம்

இதையெல்லாம் நான் தேட ஆரம்பித்ததற்கு அக்கா மகள்தான் காரணம். ஆர்டர் கொடுத்து வாங்கிய பெரிய ரோஜா மாலையை அவள் கேட்கவில்லை. "அது போகட்டும் மாமா. அப்பத்தா கட்டின சரத்த மட்டும் எப்படியாவது வச்சுக் குடுங்க" என்றாள். அவள் அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கை நடுங்கும். பேத்தி கல்யாணத்துக்கு என்று உட்கார்ந்து, வாழைநாரில் நாலு முழம் கட்டியிருந்தார்.

இருப்பதிலேயே கஷ்டமான பூவைக் கேட்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. வெள்ளை நிற்காது. வாசனையும் நிற்காது. மல்லிகை தன் வாசனையை ஸ்டாக் வைத்திருப்பதில்லை, பறித்த பிறகும் மலர மலரப் புதிதாகச் செய்து வெளியே விடுகிறது. பிரான்சின் கிராஸ் ஊரில் அந்தக் காலத்தில் கொழுப்புத் தடவிய கண்ணாடிமேல் மல்லிகையைப் பரப்பி வாசனையைப் பிடித்தது இதனால்தான். பூ செத்தால் உற்பத்தி நின்றுவிடும், இருந்ததும் பறந்துவிடும்.

இதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே ஒரு முழத்தை நறுக்கி சிலிக்கா ஜெல்லில் வைத்தோம், இன்னொரு முழத்தைப் பேப்பரில் அழுத்தினோம். ஜெல்லில் இருந்தது ஐவரி நிறத்தில் வெளிவந்து, சில வாரத்தில் டீ நிறத்துக்குப் போனது. பேப்பரில் இருந்தது ஆரம்பத்திலேயே பழுப்பு.

ஆனால் பூ சுருங்கியதும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கட்டு. பச்சையாக இருக்கும்போது பூ மறைத்துவிடும். காய்ந்த பிறகு வாழைநார் எப்படிச் சுற்றி எப்படி இறுக்கியிருக்கிறது என்று ஒவ்வொரு முடிச்சாக எண்ணலாம். ஒரு முனையில் நெருக்கமாக ஆரம்பித்து, மறு முனைக்கு வரும்போது இடைவெளி கூடியிருந்தது. கை அசந்திருக்கும். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளையா இல்லாட்டி பரவால்ல மாமா, கட்டு இருக்குல்ல" என்றாள்.

செய்முறைக் குறிப்பு: பூ சுருங்கும்போது முடிச்சு தளர்ந்து பூ உதிரும். அதனால் காய்ந்த சரத்தைத் தூக்கவே கூடாது. அப்படியே ஒரு அட்டைமேல் சரித்து, பருத்தித் துணியில் வைத்து, நாரின் மேல் மட்டும் அங்கங்கே மெல்லிய நூலால் தையல் போட்டு, ஆழமான கண்ணாடி ஃபிரேமில் வைக்க வேண்டும். ஒட்டும் பசை வேண்டாம்.

காய்ந்த பிறகு

வெளிச்சம்: நிறம் மங்கும் பொருட்களுக்கு மியூசியங்களில் 50 லக்ஸ் என்ற அளவை வைத்திருப்பார்கள். ஜன்னல் பக்கம் ஆயிரத்தைத் தாண்டும். ஹாலில் வெயில் படும் சுவர் வேண்டாம், உள் அறைச் சுவர் போதும்.

ஈரம்: ஃபிரேமின் பின்பக்கம் ஒரு சின்ன சிலிக்கா பாக்கெட் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்க.

பூச்சி: காய்ந்த பூவை உளுத்துப்போக வைக்கும் குட்டி வண்டுகள் உண்டு. ஃபிரேம் போடும் முன் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்க, இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

குழந்தைகள்: மாலையில் செவ்வரளி இருந்தால் கவனம். அது நச்சு, காய்ந்தாலும் நச்சுதான். எட்டாத இடத்தில் வைக்கவும்.

கல்யாணத்துக்கு முன்னாடியே படிப்பவர்களுக்கு

1. மாலை கட்டுபவரிடம் சொல்லி ஒரு வரிசை வாடாமல்லியும் கொஞ்சம் வெட்டிவேரும் சேர்க்கச் சொல்லுங்க. வெட்டிவேரின் வாசனை மூலக்கூறுகள் கனமானவை, லேசில் பறக்காது. மல்லிகை வாசனை போன பிறகும் இது இருக்கும்.

2. யாராவது ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்க. மாலை கழற்றியதும் ஜிகினா, பிளாஸ்டிக் எல்லாம் எடுத்துவிட்டு, நசுங்காத பூக்களைப் பிரித்து, மேலே இருக்கும் தண்ணீரை ஒற்றி எடுக்க வேண்டும். ஆரம்பிக்க முடியாவிட்டால் ஒரு இரவு ஃபிரிட்ஜில் தாங்கும். ஃப்ரீசரில் வைக்காதீங்க, உருகும்போது செல் உடைந்து கறுக்கும்.

3. முழு மாலையையும் வைத்துக்கொள்ளப் பார்க்காதீங்க. வீட்டில் காய்ந்த மாலை இருக்கக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்களோடும் இதில் சமரசம் சுலபம். ஒரு சாண் ஃபிரேமுக்கு, மிச்சம் மரத்தடிக்கு. மண்ணுக்கு அது நல்ல உரம்.

யார் கட்டியது, என்ன பூ, எந்தத் தேதி என்று ஃபிரேமின் பின்னால் பென்சிலில் எழுதி வையுங்க. பேனா மை மங்கும், பென்சில் மங்காது. ஹெர்பேரியத்தில் லேபிள் இல்லாத மாதிரிக்கு மதிப்பே கிடையாது, இதற்கும் அப்படித்தான்.