பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறீர்களா?



உங்கள் வகுப்பில் பல்லுக்குக் கம்பி போட்டவர் ஒருவராவது இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவும் இருக்கலாம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொறுமையாக இருந்து, கம்பியைக் கழற்றும் நாளில் ஆவலோடு கண்ணாடி முன் நிற்கிறீர்கள். பல்வரிசை நேராகிவிட்டது. ஆனால், பற்களின் மேல் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள்! இது கம்பி செய்த தீங்கா? இல்லை. பின் யார் செய்தது?

கம்பியின் வேலை

ஒவ்வொரு பல்லிலும் பொத்தான் போன்ற ஒரு சிறு துண்டை மருத்துவர் ஒட்டுகிறார். இதைப் 'பிராக்கெட்' என்பார்கள். இவற்றின் வழியே கம்பி செல்கிறது. வளைந்த கம்பி தன் பழைய வடிவத்திற்குத் திரும்ப முயல்கிறது. அந்த மெல்லிய விசை பல்லை இடைவிடாமல் தள்ளுகிறது. தள்ளப்படும் பக்கத்தில் தாடை எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இவ்வாறு பல் மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. மெதுவான வேலை அல்லவா? அதனால்தான் இத்தனை மாதங்கள்.

குற்றவாளி யார்?

பல்லின் மேல் படியும் வழவழப்பான படலத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. சாதாரணமாக வாயின் பி.எச். மதிப்பு 7-ஐ ஒட்டி இருக்கும். இனிப்பு தின்ற சில நிமிடங்களில் படலத்தில் அது 5.5-க்கும் கீழே இறங்கிவிடலாம். பி.எச். 1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு கூடும். 7-இலிருந்து 5.5 என்றால்? ஏறத்தாழ 30 மடங்கு! அப்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மெல்லத் திருப்பித் தருகிறது. அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் இன்னொரு மிட்டாயை வாயில் போட்டால்?

தாது இழந்த எனாமலில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெண்மையாகத் தெரிகிறது. ஒளிபுகும் கண்ணாடியைத் தூளாக்கினால் வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். சுத்தம் செய்யாமல் விட்டால், ஒரு மாதத்திலேயே இத்தழும்பு தோன்றக்கூடும்!

செய்து பாருங்கள்

ஒரு டைல்ஸ் துண்டின் மேல் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டிக் காயவிடுங்கள். கெட்டியான மைதாக் கூழை அதன்மேல் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். பழைய பிரஷ்ஷை நேராகப் பிடித்துத் தேயுங்கள். சமதளம் சுத்தமாகிவிடும்; பொத்தானின் ஓரத்தில் மட்டும் மாவு தங்கிவிடும். இப்போது பிரஷ்ஷைச் சாய்த்து, பொத்தானின் மேற்புறத்திலிருந்தும் கீழ்ப்புறத்திலிருந்தும் தேயுங்கள். ஓரமும் சுத்தமாகும். உங்கள் பல்லிலும் இதே கதைதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மென்மையான பிரஷ்ஷை 45 பாகை சாய்த்து, ஒவ்வொரு பிராக்கெட்டின் மேலும் கீழும் தேயுங்கள். ஈறின் ஓரத்தை மறக்க வேண்டாம். காலையிலும், படுக்கும் முன்பும் ஃபுளோரைடு கலந்த பற்பசை தேவை.

2. கம்பிக்கு அடியில் சாதாரண பிரஷ் நுழையாது. அதற்கென்றே கூம்பு வடிவச் சிறு பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

3. இனிப்பை அடிக்கடி கொறிக்காதீர்கள். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை தின்கிறோம் என்பதே முக்கியம்.

4. சோடா பானங்களில் அமிலம் உண்டு. குடித்தால் வாயைக் கொப்பளித்து, அரைமணி கழித்துப் பல் தேயுங்கள்.

5. கரும்பு, சீடை, கடினமான முறுக்கு, கடலைமிட்டாய் ஆகியவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். கம்பி கழலும் வரை அவற்றுக்கு விடுமுறை!

6. ஈறில் இரத்தம் கசிந்தால் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அழுக்குப் படிந்ததன் அறிகுறியே அது. சில நாள்களில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொடக்க நிலைத் தழும்பை உமிழ்நீரும் ஃபுளோரைடும் ஓரளவு சரிசெய்யும். குழி விழுந்துவிட்டாலோ எனாமல் மீண்டும் வளராது. பல்லை நகர்த்தும் வேலையைக் கம்பி பார்த்துக்கொள்ளும். அதைக் காக்கும் வேலை உங்களுடையது. இன்றிரவே கண்ணாடி முன் நின்று தொடங்குங்கள்!