தேயிலையின் இனம் சொல்லும் பூ

போனக்காட்டுக்கு மலையேறிப் போன நம் குடும்பங்களில் கொழுந்தை அறியாதவர் இல்லை. பூவை நின்று பார்த்தவர் குறைவு. கவாத்தும் கொழுந்தெடுப்பும் ஒழுங்காக நடந்தால் தேயிலை அவ்வளவாகப் பூக்காது. கைவிட்ட செடிதான் மரமாக ஓங்கி, நடுவில் மஞ்சள் மகரந்தம் நிறைந்த வெள்ளைப் பூவைக் காட்டும்.

இனத்தை இலையை வைத்தே சொல்லிவிடலாமே என்பீர்கள். சிற்றிலை என்றால் சீனம், பேரிலை என்றால் அசாம், இடைப்பட்டது கம்போடியம் என்பது பொதுக்கணக்கு. ஆனால் நிழல், உரம், கவாத்து எல்லாமே இலையின் அளவை மாற்றிவிடும். பூ அவ்வளவு லேசில் மாறாது. அசாம் டோக்லாய் ஆய்வு நிலையத்து வைட், 1962-இல் இனப்பகுப்பைத் திருத்தியபோது பூவின் சூல்தண்டையும் கூர்ந்து பார்த்தார்: எத்தனை கிளை, எந்த இடத்தில் பிரிகிறது, நேராக நிற்கிறதா, முழங்கைபோல் மடங்குகிறதா என்று.

ஏன் இத்தனை மெனக்கெடல்? தேயிலை தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது அபூர்வம். அயல் செடி வேண்டும். அதனால் விதையில் முளைத்த தோட்டத்தில் ஒரு செடிபோல இன்னொன்று இராது. இந்தக் கலவையிலிருந்துதான், இன்று வால்பாறையில் உள்ள உபாசி ஆய்வு நிலையம் உபாசி-3, உபாசி-9 போன்ற ரகங்களைப் பொறுக்கியெடுத்தது. எந்தச் செடியை எதனோடு சேர்ப்பது என்பதற்கு இனம் தெரிந்தாக வேண்டுமே!

போனக்காட்டுத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துச் செடி என்றால் பெரும்பாலும் விதைச்செடிதான். தண்டு நட்டுப் பெருக்கிய ரகங்கள் பிற்பாடு வந்தவை. காடு மூடுமுன் அந்தப் பழஞ்செடிகளின் பூவை யாராவது குறித்து வைத்தால், நாளைய ஒரு ரகத்துக்குத் தாய்ச்செடி அங்கேயே அகப்படலாம்.