பெருங்குடல் புற்றைத் தடுக்குமா பால் கொழுப்பு?

கொழுப்பு என்றாலே கெடுதல் என்று ஒதுக்குவோர் பலர். ஆனால் பால், முட்டை, சோயா மொச்சை ஆகியவற்றில் சிறிதளவே உள்ள ஒருவகைக் கொழுப்பு, பெருங்குடல் புற்றுநோய் ஆராய்ச்சியில் நம்பிக்கை ஊட்டியுள்ளது.

அதன் பெயர் ஸ்பிங்கோலிப்பிட். லண்டனில் மூளையின் ரசாயனத்தை ஆராய்ந்த டாக்டர் தூடிகம், 1884-ல் இதன் மூலக்கூறு ஒன்றுக்கு 'ஸ்பிங்கோசின்' என்று பெயரிட்டார். புரியாத புதிராக இருந்ததால், விடுகதை போடும் கிரேக்கப் புராண ஸ்பிங்க்ஸின் பெயரைச் சூட்டினார்.

இக்கொழுப்பு முழுவதும் சிறுகுடலில் செரிப்பதில்லை. ஒரு பகுதி பெருங்குடலை அடைந்து, செராமைடு, ஸ்பிங்கோசின் எனச் சிதைகிறது. குடலின் உட்சுவர் அணுக்கள் சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து புதியவை தோன்றுவது இயற்கை. மடிய வேண்டிய அணுக்கள் மடியாமல் கட்டுக்கடங்காது பெருகும்போது புற்று உண்டாகிறது. செராமைடு அப்பெருக்கத்தை நிறுத்தி, அணுக்கள் தாமே மடியத் தூண்டுகிறது.

அமெரிக்காவில் எமரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மெரில் குழுவினர், 1990-களில் சுண்டெலிகளுக்குப் புற்று உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்துவிட்டு, பாலில் பிரித்த இக்கொழுப்பை உணவில் கலந்து அளித்தனர். புற்றுக்கு முன்னோடியான குடல் மாறுதல்கள் குறைந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்பிங்கோசினுடன் பாஸ்பேட் சேர்ந்தால், அதுவே அணுக்களை வளரத் தூண்டுகிறது. மனிதரிடம் பலன் இன்னும் நிரூபணமாகவில்லை. எனவே பால் உணவே தவிர, மருந்தல்ல. மலத்தில் ரத்தம் கண்டால் டாக்டரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.